தை மாதக் கல்யாணமும் 84 மாத்திரைகளும்

கேள்வி: எனக்கு 54 வயது. திண்டுக்கல் பக்கம் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். கர்ப்பப்பைக் கட்டிக்கு ஆபரேஷன் செய்ய ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹெபடைட்டிஸ் சி என்று வந்துவிட்டது. 1994-ல் மூத்த மகன் பிறந்தபோது ரத்தப்போக்கு அதிகமாகி இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. டாக்டர் சோபாஸ்புவிர், வெல்படாஸ்விர் இரண்டும் சேர்ந்த மாத்திரையை 12 வாரம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் ஒருவர் பல வருடங்களுக்கு முன்னால் இதே நோய்க்கு வைத்தியம் பார்த்து, முடி கொட்டி, ஆளே உருக்குலைந்து போனதைக் கண்ணால் பார்த்தவள் நான். தை மாதக் கடைசியில் மகளுக்குக் கல்யாணம். அது முடியட்டும், அப்புறம் ஆரம்பிக்கலாம் என்று தோன்றுகிறது. சர்க்கரைக்கும் கேஸுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வாரமாகக் கீழாநெல்லியும் அரைத்துக் குடிக்கிறேன். வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். தைக்கும்போது ஊசி குத்தி துணியில் ரத்தம் பட்டால் அடுத்தவருக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. நான் என்ன செய்யட்டும், டாக்டர்?

பதில்:

அம்மா, முதலில் அந்தத் தட்டையும் டம்ளரையும் பழைய இடத்திலேயே வையுங்கள். இது கல்லீரலைத் தாக்கும், ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமி. சேர்ந்து சாப்பிடுவதாலோ, தொடுவதாலோ, தும்முவதாலோ, பேரப்பிள்ளையைக் கொஞ்சுவதாலோ வராது. தனியாக வைத்துக்கொள்ள வேண்டியவை பல் துலக்கும் பிரஷ், பிளேடு, நகவெட்டி, சர்க்கரை பார்க்கும் ஊசி. பட்டியல் அவ்வளவுதான்.

தையல் ஊசி குத்தினால் விரலைக் கழுவி ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளுங்கள். துணியில் சொட்டு ரத்தம் பட்டால், நல்ல தையல்காரர் யாராக இருந்தாலும் செய்வதுபோல உடனே அலசிவிடுங்கள். தைத்து வாங்கிப் போன ரவிக்கையைப் போட்டதால் யாருக்கும் இந்த நோய் வராது. உங்களைக் குத்திய ஊசி உடனே கடைப் பெண்ணின் விரலையும் குத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஊசியை வாயில் கவ்விக்கொண்டு தைக்கும் பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இதை எல்லாத் தையல்காரர்களுக்கும்தான் சொல்கிறேன்.

அடுத்து, அந்தத் தெருக்காரர். அவர் பட்ட பாடு பொய்யில்லை. ஆனால் அது வேறு வைத்தியம். 2014 வரைக்கும் நானும் அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்: வாரம் ஒரு இன்டர்ஃபெரான் ஊசி, தினமும் ரிபாவிரின் மாத்திரை, அதுவும் ஆறு மாதம் அல்லது ஒரு வருடம். ஊசி போட்ட அன்று ராத்திரியே குளிர் காய்ச்சல் தூக்கிப் போடும். அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டுக்கொள்ளச் சொல்வோம். சனி, ஞாயிறு படுத்துக் கிடந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகலாம் என்ற கணக்கு. ஒரு பஸ் கண்டக்டர் டிபன் டப்பாவில் ஐஸ்கட்டி போட்டு, அதற்குள் ஊசி மருந்தை வைத்து, மடியில் இறுக்கிப் பிடித்தபடி வருவார். ஐந்தாவது மாதம் ஒரு நாள், காரணமே சொல்லத் தெரியாமல் என் முன்னால் உட்கார்ந்து அழுதார். மனச்சோர்வு அந்த மருந்தின் குணங்களில் ஒன்று. முடி கொட்டும், ரத்தம் குறையும், எடை இறங்கும். இத்தனையும் பட்ட பிறகு, சில வகைக் கிருமிகளில் பாதிப் பேருக்குக்கூட குணமாகாது.

உங்களுக்கு எழுதியிருப்பதில் இன்டர்ஃபெரான் கிடையாது. இது கிருமி பெருகுவதற்குத் தேவையான புரதங்களை நேராகத் தடுக்கும் மாத்திரை. 2015-ல் இந்தியாவில் இந்தக் குடும்பத்து மருந்துகள் வந்தபோது, பத்து வருடமாக ஊசி எழுதிய கைக்கு நம்பிக்கையே வரவில்லை. முதல் நோயாளி ஒரு மாதம் கழித்து வந்து, "சார், மாத்திரை வேலை செய்கிறதா? ஒன்றுமே தெரியவில்லையே" என்று கேட்டார். கிருமியின் அளவு கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு இறங்கியிருந்தது.

பக்கவிளைவைப் பற்றிய உங்கள் பயத்துக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். உங்களுடைய இதே கூட்டு மாத்திரையை 2015-ல் வெளியான அஸ்ட்ரல்-1 என்ற ஆய்வில் 624 பேருக்குக் கொடுத்தார்கள். இன்னொரு 116 பேருக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும், ஆனால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று அவர்களுக்குத் தெரியாது. மருந்து சாப்பிட்டவர்களில் 29 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 28 சதவீதம். சோர்வு இரண்டு பக்கமும் 20 சதவீதம். குணமானது 99 சதவீதம், ஆனால் அது மருந்து சாப்பிட்டவர்களுக்கு மட்டும்.

தலைவலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலித்தது வலித்ததுதான். ஆனால் மாத்திரை சாப்பிடும் மூன்று மாதத்தில் உடம்பில் எது நடந்தாலும் மாத்திரையின் தலையில் போடுவது நம் எல்லோருக்கும் இயல்பு. அதனால் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் வேலை இது: தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பு ஒரு நோட்டு வாங்குங்கள். நீங்கள் கடையில் அளவு எழுதி வைக்கும் நோட்டு மாதிரி இருந்தால் போதும். தினமும் படுக்கப் போகும்முன் இரண்டு வரி: தூக்கம் எப்படி, தலைவலி உண்டா, வயிறு எப்படி, சோர்வு எந்த நேரத்தில், காலைச் சர்க்கரை எவ்வளவு. மாத்திரை ஆரம்பித்த பிறகும் அதேபோல எழுதுங்கள். மூன்றாவது வாரத்தில் "சோர்வாக இருக்கிறதே" என்று தோன்றும்போது பழைய பக்கத்தைப் புரட்டினால், மருந்துக்கு முன்பும் சாயங்காலம் நான்கு மணிக்கு அதே சோர்வு இருந்ததா என்று தெரிந்துவிடும்.

இனி நான் உண்மையில் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். இந்தச் சிகிச்சையில் சிக்கல் வருவது பெரும்பாலும் இந்த மாத்திரையால் அல்ல. அதனுடன் சேர்த்து விழுங்கும் மற்றவற்றால்தான்.

"கேஸுக்கு மாத்திரை" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். பெயர் எழுதவில்லை. காலையில் வெறும் வயிற்றில் போடும் பான்டோப்ரசோல், ஒமிப்ரசோல் வகையாகத்தான் இருக்கும். நம் ஊரில் அதைச் சாப்பிடாத வீடு குறைவு. வெல்படாஸ்விர் கரைந்து ரத்தத்தில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். அமிலத்தை அடக்கும் மாத்திரையைத் தினமும் போட்டால், 84 நாளும் ஒழுங்காக மருந்து சாப்பிட்டும் பாதி உடம்பில் சேராமல் போகலாம். பக்கவிளைவாவது வெளியே தெரியும், இது தெரியாது. அதனால் டாக்டரிடம் கேட்டு, முடிந்தால் சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்துங்கள். நிறுத்திய முதல் சில நாட்கள் நெஞ்செரிச்சல் முன்பைவிட அதிகமாகத் தெரியும், பிறகு அடங்கும். அதற்குத்தான் அந்த இரண்டு வாரம். ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால் பாதி நெஞ்செரிச்சல் தானாகக் குறையும். ஜெலுசில், டைஜீன் மாதிரி மருந்து தேவைப்பட்டால், இந்த மாத்திரைக்கும் அதற்கும் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அல்சர் இருந்து, அமில மாத்திரையை நிறுத்தவே முடியாது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவையும் நேரத்தையும் மாற்றிக் கொடுக்க வழி இருக்கிறது.

இரண்டாவது, சர்க்கரை மாத்திரை. இந்தக் கிருமி உடம்பில் இருக்கும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. கிருமி ஒழிந்ததும் சிலருக்குச் சர்க்கரை திடுமென்று நன்றாகக் கட்டுப்பட ஆரம்பிக்கும். கேட்க நல்ல செய்திதான். ஆனால் நீங்கள் கிளிமிபிரைடு மாதிரி சர்க்கரையை இறக்கும் மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தால், பதினொரு மணிக்கு மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், கண் இருட்டும். அதை "மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை" என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, பிறகு சர்க்கரை அளவைப் பாருங்கள். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று முறையாவது காலையில் பார்த்து நோட்டில் எழுதினால், அளவைக் குறைக்க வேண்டிய நேரம் உங்கள் டாக்டருக்கு முன்கூட்டியே தெரியும்.

மூன்றாவது, கீழாநெல்லி. மஞ்சள் காமாலை என்றால் கீழாநெல்லி என்று நம் பாட்டிமார் சொன்னதை நான் கேலி செய்கிறவன் அல்ல. 1988-ல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களே அதைப் பற்றி லான்செட் என்ற மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆனால் அது ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கு. அங்கேயும் பின்னால் வந்த ஆய்வுகளில் அந்தப் பலன் உறுதிப்படவில்லை. சி கிருமியை அது ஒழிக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இந்த 12 வாரம் அதை நிறுத்திவையுங்கள். கீழாநெல்லியைவிட எனக்குப் பயம், பெயர் தெரியாத பொடியும் லேகியமும்தான். கொரோனா காலத்தில் எதிர்ப்பு சக்திக்கு என்று சீந்தில் கஷாயம் குடித்துக் கல்லீரல் கெட்டு வந்தவர்களைப் பற்றி நம் நாட்டு மருத்துவர்களே கட்டுரை எழுதியிருக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின், காசநோய்க்கு ரிஃபாம்பிசின், இதயத் துடிப்புக்கு அமியோடரோன் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இந்தச் சிகிச்சையைத் தொடங்கவே கூடாது. முதல் மூன்றும் மருந்தின் வேலையைக் கெடுத்துவிடும். அமியோடரோன் இதனுடன் சேர்ந்தால் இதயத் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். சுருக்கமாகச் சொன்னால், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அப்படியே டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். பெயர் ஞாபகம் இல்லை என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

தொடங்கும் முன் உங்கள் ரிப்போர்ட்டுகளில் மூன்று விஷயம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, கிருமி ரத்தத்தில் இப்போதும் இருக்கிறதா என்று காட்டும் ஆர்.என்.ஏ. பரிசோதனை. ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைப் பார்க்கும் பரிசோதனை மட்டுமாக இருக்கலாம். கிருமி தானாகவே போனவர்களுக்கும் அது பாசிட்டிவாகத்தான் வரும். இரண்டு, ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை. பி கிருமி உடம்பில் பதுங்கியிருந்தால், சி ஒழியும்போது அது தலைதூக்கிக் கல்லீரலைத் தாக்கலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2016-லேயே இதற்கு எச்சரிக்கை போட்டிருக்கிறது. பி இல்லை என்று வந்தால் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். சி-க்குத் தடுப்பூசி இன்னும் கிடையாது. மூன்று, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் ஃபைப்ரோஸ்கேன், அல்லது ஸ்கேனும் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையும். கல்லீரல் சுருங்கியிருந்தால் மருந்தும் மாறலாம், காலமும் மாறலாம், ரிபாவிரினும் சேரலாம். அப்படிச் சேர்ந்தால் ரத்தம் குறைகிறதா என்று அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபைப்ரோஸ்கேனில் இறுக்கத்தின் அளவு 12.5 கிலோபாஸ்கலுக்கு மேல் வந்தவர்கள், கிருமி ஒழிந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை கல்லீரல் ஸ்கேனை விடக்கூடாது.

வெளியில் காசு கொடுத்து வாங்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். 2018 ஜூலை 28-ல் மத்திய அரசு தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன்படி பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் போய் விசாரியுங்கள். கல்லீரல் சுருக்கம் இல்லாதவர்களுக்கு அந்தத் திட்டத்தில் சோபாஸ்புவிருடன் டாக்ளடாஸ்விர் என்ற மாத்திரை கொடுப்பது வழக்கம். "தனியாரில் எழுதியது வேறு, இது மட்டமோ" என்று யோசிக்க வேண்டாம். அதுவும் 12 வாரம்தான், நல்ல மருந்துதான். டாக்ளடாஸ்விருக்கு வயிற்று அமிலத்தைப் பற்றிய தொல்லையும் கிடையாது, ஆகவே உங்கள் கேஸ் மாத்திரைக்கு அது இன்னும் தோது.

சரி, மாத்திரையைத் தொடங்கிவிட்டீர்கள். தினமும் ஒரே நேரம். காலையா ராத்திரியா என்பது உங்கள் வசதி. குமட்டினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடுங்கள். தூக்கம் கெட்டால் காலை இட்லிக்குப் பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். தலைவலிக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர். தையல் வேலையில் இருப்பவர்கள் எழுந்து போக வேண்டுமே என்று தண்ணீரே குடிப்பதில்லை. அதற்கும் விடாவிட்டால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் ஒன்று. ஒரு நாளில் நான்கைத் தாண்ட வேண்டாம். மெடிக்கல் ஷாப்பில் "உடம்பு வலிக்கு" என்று பிரித்துக் கொடுக்கும் டைக்ளோஃபெனாக் கலந்த மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். காபி குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். தாராளமாக. காபி குடிக்கிறவர்களுக்குக் கல்லீரல் இறுகுவது குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உங்களுக்கு மட்டும் சர்க்கரை இல்லாமல். எண்ணெய் இல்லாத, உப்பு இல்லாத காமாலைப் பத்தியமும் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடுங்கள். மது மட்டும் யாருக்கும் கூடாது.

ஒரு நாள் மறந்துபோனால்? 18 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே போடுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் அன்றையதை விட்டுவிட்டு, அடுத்ததை வழக்கமான நேரத்தில் போடுங்கள்; இரண்டு சேர்த்துப் போடக்கூடாது. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொன்று போடுங்கள். டப்பாவில் 28 மாத்திரை இருக்கும். இருபதாவது தீரும்போதே அடுத்த டப்பாவுக்கு ஏற்பாடு செய்யுங்கள். "நன்றாகத்தான் இருக்கிறேனே" என்று நடுவில் நிறுத்தியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிருமி திரும்பி வந்தால் மறுபடி வைத்தியம் செய்வது இதைவிடக் கஷ்டம்.

கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கடும் மஞ்சளில் போனாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ, காலும் வயிறும் வீங்கினாலோ, பேச்சு குழறினாலோ நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரி.

இப்போது கல்யாணம். ஓரிரு வாரம் முன்பின் ஆவதால் கல்லீரலுக்கு ஒன்றும் குடி முழுகிப் போகாது. முப்பது வருடமாகக் கூடவே இருந்த கிருமி. ஆனால் தள்ளிப்போட்டுத் தொடங்குவதில் எனக்கு லாபம் எதுவும் தெரியவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு மறுவீடு, பிறகு ஆடிச் சீர், பிறகு தலை தீபாவளி. கேஸ் மாத்திரையை நிறுத்தவும் பரிசோதனைகளுக்கும் போக, ஐப்பசி நடுவில் தொடங்கினால் தை பத்துவாக்கில் 84-ஆவது மாத்திரையைப் போட்டிருப்பீர்கள். பந்தக்கால் நடும்போது கையில் மாத்திரை டப்பா இருக்காது. கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினாலும், முகூர்த்தத்தன்று நீங்கள் செய்ய வேண்டிய கூடுதல் வேலை ஒரு மாத்திரை விழுங்குவது மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முன் மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். நீங்கள் ரத்தம் ஏற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள் அவள். தாயிடமிருந்து பிள்ளைக்கு வர நூற்றுக்கு ஐந்து பேர் அளவுக்குத்தான் வாய்ப்பு என்றாலும் பார்த்துவிடுவது நல்லது. நம் நாட்டில் ரத்த வங்கிகளில் இந்தக் கிருமிக்கான பரிசோதனை கட்டாயமானது 2001-ல்தான், அதனால் நீங்கள் சொல்லும் இரண்டு பாட்டில் ரத்தத்தின் மேல் எனக்கும் சந்தேகம் உண்டு. ஆனால் ஒரே ஊசியைக் கொதிக்கவைத்து ஊரெல்லாம் போட்ட காலமும் அதுதான். உறுதியாகச் சொல்ல முடியாததால் மகனுக்கும் கணவருக்கும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். யாருக்காவது இருந்தாலும் இதே மூன்று மாத வைத்தியம்தான். கல்யாணத்தை நிறுத்தும் விஷயம் இல்லை.

கடைசி மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்து, அதாவது சித்திரை முதல் வாரத்தில், ஆர்.என்.ஏ. பரிசோதனையை மறுபடி எடுக்க வேண்டும். அதில் கிருமி இல்லை என்று வந்தால் குணமாகிவிட்டது என்று பொருள். ஆனால் எதிர்ப்பொருள் பரிசோதனை உங்களுக்கு ஆயுசுக்கும் பாசிட்டிவாகத்தான் வரும். கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் போகும்போது அங்கே மறுபடி அதை எடுத்து, மறுபடி முகம் சுளிப்பார்கள். அப்போது காட்டத்தான் அந்தச் சித்திரை மாத ரிப்போர்ட். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை உங்கள் அளவு நோட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.